வளர்ந்த பிறகு கையெழுத்தை மாற்ற முடியுமா?

கேள்வி இதுதான்: வயது முப்பத்தாறு, பல வருடங்களாக எல்லா வேலையும் கணினியில், இப்போது மேற்படிப்பில் சேர்ந்திருப்பதால் மூன்று மணி நேரத் தேர்வைக் கையால் எழுத வேண்டியிருக்கிறது. எழுதியது மறுநாள் தனக்கே புரியவில்லை, அரை மணி நேரத்தில் கை வலி எடுக்கிறது. இந்த வயதில் கையெழுத்து மாறுமா, எந்தப் பேனா, எந்த நோட்டு வாங்குவது?

மாறும். பெரியவர்களுக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை, அதனால் உறுதியாகவே சொல்கிறேன். ஒரு விதத்தில் குழந்தைக்குச் சொல்லித் தருவதைவிட இது சுலபம். குழந்தை எழுத்தின் வடிவத்தையே புதிதாகக் கற்க வேண்டும். உங்களுக்கு வடிவம் தெரியும், தப்பு எங்கே என்று கண்ணால் பார்த்துப் பிடிக்கவும் தெரியும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மெதுவாக எழுதும்போது புதிய எழுத்து அழகாக வரும், அவசரம் வந்த அடுத்த நிமிடமே பழைய எழுத்து தானாக வந்துவிடும். பெரும்பாலானவர்கள் 'எனக்கு வராது' என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். ஆகவே அழகாக எழுதக் கற்பது பாதி வேலை கூட இல்லை, அந்த எழுத்தை வேகத்துக்குள் கொண்டுபோவதுதான் முக்கால்வாசி வேலை. நான் கீழே சொல்வதெல்லாம் இதை ஒட்டித்தான் வரும்.

முதலில், 'என் கை அமைப்பே அப்படி' என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கையெழுத்தின் சாயல் விரலில் இல்லை, மூளையில் இருக்கிறது. மார்க் ரெய்பர்ட் என்ற ஆய்வாளர், பின்னாளில் பாஸ்டன் டைனமிக்ஸ் ரோபோ நிறுவனத்தைத் தொடங்கியவர், 1977இல் ஒரே வாக்கியத்தை ஐந்து விதமாக எழுதிக் காட்டினார்: வலது கையால், மணிக்கட்டை அசையாமல் கட்டிவைத்து, இடது கையால், பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, கடைசியாகக் காலில் பேனாவைக் கட்டிக்கொண்டு. கோடு நடுங்கியது, ஆனால் ஐந்திலும் அது ஒரே ஆளின் எழுத்து என்று பார்த்தவுடன் தெரிகிறது. நீங்களே ஒரு கரும்பலகையில் பெரிதாக எழுதிப் பாருங்கள், அங்கே வேலை செய்வது தோளும் முழங்கையும், ஆனாலும் உங்கள் எழுத்துதான் வரும். அதனால் விரலுக்கு உடற்பயிற்சி, ரப்பர் பந்தை அமுக்குவது போன்றவற்றில் நேரத்தைப் போட வேண்டாம். ஆரோக்கியமான கைக்குத் தேவையான பலம் ஏற்கெனவே இருக்கிறது. மாற்ற வேண்டியது பழக்கத்தை.

நோட்டு வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஏழெட்டு வரி உள்ள ஒரு பத்தியை எடுத்து மூன்று தடவை எழுதுங்கள். ஒன்று, எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும். இரண்டாவது, வழக்கமான வேகத்தில். மூன்றாவது, தேர்வில் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுதுவது போல. மூன்றிலும் தேதி போட்டு, எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்து, பத்திரமாக வையுங்கள். மெதுவாக எழுதியது நன்றாக இருந்து வேகமாக எழுதியது மட்டும் சிதைந்திருந்தால் (பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான் இருக்கும்) இரட்டைக்கோடு நோட்டில் அ, ஆ என்று மறுபடி தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. மெதுவாக எழுதியதே மோசம் என்றால் மட்டும் சில எழுத்துகளை அடியிலிருந்து சரி செய்ய வேண்டும், அதுவும் எல்லா எழுத்தையும் அல்ல.

அப்புறம் அந்தத் தாள்களைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். நேராக வைத்தால் கண் தானாகப் படிக்கத் தொடங்கிவிடும், எழுத்தைப் பார்க்காது. தலைகீழாக வைக்கும்போது சொல் மறைந்து வெறும் கோடும் வெள்ளையும்தான் தெரியும். எந்த வரி ஏறி இறங்குகிறது, எந்த இடத்தில் எழுத்து சட்டென்று பெரிதாகிறது, எந்த எழுத்து வலப்பக்கம் சாய்ந்து எது இடப்பக்கம் சாய்கிறது, எங்கே சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன, இதெல்லாம் ஒரு பார்வையில் வெளியே வந்துவிடும்.

கையெழுத்து அசிங்கமாகத் தெரிவதற்கு எழுத்தின் வடிவம் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் பார்வையில் பாதிக்கு மேல் காரணம் சீரின்மைதான். சுமாரான வடிவங்களை ஒரே அளவில், ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் எழுதினால் அந்தப் பக்கம் நன்றாக இருக்கும். அழகான வடிவங்களை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கி எழுதினால் அது கிறுக்கலாகத்தான் தெரியும். அதனால் முதல் இரண்டு வாரம் வடிவத்தைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டு அளவையும் கோட்டையும் இடைவெளியையும் மட்டும் பிடியுங்கள். இதற்குக் கோடு போட்ட சாதாரண நோட்டே போதும். கோட்டுக்குக் கோடு 8 மி.மீ. இருந்தால் எழுத்தின் உடல் 3 மி.மீ. அளவில் நிற்கட்டும். தமிழில் இகர ஈகார விசிறி மேலே போகும், உகர ஊகாரச் சுழிகளும் ழ, ற, ஞ போன்றவற்றின் வாலும் கீழே இறங்கும், இவற்றுக்கு இடம் விடாமல் கோட்டை நிரப்பி எழுதினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் விசிறியும் மோதிக்கொள்ளும். பல பேருடைய பக்கம் இருட்டாக, நெரிசலாகத் தெரிவதற்கு இது ஒன்றே காரணம். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினாலே பக்கம் திறந்துகொள்ளும்.

இடைவெளி பற்றி ஒரு நுணுக்கம். தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் கொண்டவை அல்ல. ட ஒடுங்கியது, ண அகலமானது, ணை இன்னும் அகலம். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுக்க முயன்றால் ட பிதுங்கும், ண நசுங்கும். சமமாக இருக்க வேண்டியது எழுத்துகளுக்கு நடுவே தெரியும் வெள்ளை. ட, ப மாதிரி வலப்பக்கமோ மேலேயோ திறந்த எழுத்து தன்னோடு கொஞ்சம் வெள்ளையை ஏற்கெனவே வைத்திருக்கிறது, அதற்குப் பக்கத்தில் அடுத்த எழுத்தைச் சற்று நெருக்கி வைக்கலாம். இரண்டு வட்டமான எழுத்துகள் பக்கத்தில் வந்தால் இன்னும் நெருங்கலாம், இரண்டு நேர்க்கோடுகள் பக்கத்தில் வந்தால் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். அளந்து பார்த்து இதைச் செய்ய முடியாது, தலைகீழாகத் திருப்பிப் பார்த்துப் பார்த்துக் கண் பழக வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு சிறிய எழுத்தின் அகலம் போதும், ட நுழையும் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வடிவம். எல்லா எழுத்தையும் திருத்தப் போகாதீர்கள், உங்கள் வேகமான தாளை எடுத்து, சொல்லின் உதவி இல்லாமல் தனியாகப் பார்த்தால் வேறு எழுத்தாகத் தெரிகிறவற்றை மட்டும் வட்டமிடுங்கள். எந்த ஆளுக்கும் இப்படி ஐந்தாறு எழுத்துகள்தான் இருக்கும். பக்கம் முழுக்கப் படிக்க முடியாமல் போவதற்கு அந்த ஐந்தாறே போதும், ஏனென்றால் அவை திரும்பத் திரும்ப வருபவை.

வழக்கமாக மாட்டிக்கொள்பவை இவை. ரகரமும் காலும் முதல் வரிசையில். வேகத்தில் ர தன் அடிச் சாய்வை இழந்து ா ஆகிவிடும், பிறகு 'மரம்' என்று எழுதியதை 'மாம்' என்று படிக்க வேண்டியதுதான். அடுத்து ண, ன. மூன்று சுழி இரண்டாகும், இரண்டு சுழி ஒன்றாகும், கடைசியில் இரண்டும் ஒரே நெளிகோடாக நிற்கும். க, ச, த மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தொடங்கி, முடியும் இடத்தில்தான் பிரிகின்றன. அவசரத்தில் நாம் வெட்டுவது எப்போதும் முடிவைத்தான், எனவே மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும், குறில் விசிறியும் நெடில் விசிறியும் அடுத்தது: இவற்றில் வேறுபாடு ஒரு சின்னச் சுழியில் இருக்கிறது, அந்தச் சுழி நிரம்பி மையாகிவிட்டால் போயிற்று. கடைசியாகப் புள்ளி. சொல் முழுவதும் எழுதிவிட்டுப் பின்னால் போய்ப் புள்ளி வைக்கிறவர்கள் அதை எழுத்துக்கு மேல் வைக்காமல் இரண்டு எழுத்துக்கு நடுவே எங்கோ வைத்துவிடுகிறார்கள், 'பட்டம்' என்பதில் புள்ளி எந்த டகரத்துக்கு என்று படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும். எழுத்து முடிந்த கையோடு, அதன் நடு உச்சியில் புள்ளியை வைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போங்கள். முதலில் வேகம் குறைவது போல இருக்கும், பழகியதும் திரும்பிப் போகிற நேரம் மிச்சமாவதால் கணக்கு சரியாகிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி இருக்கிறது. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது, ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும், கொம்பில் குறில் நெடில் வேறுபாடு இருக்காது. ஏ, ஓ, இரட்டைக் கொம்பு ஆகியவற்றைப் பிரித்து எழுதும் முறையை 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் சுவடியைப் பார்த்து அது ரகரமா காலா, குறிலா நெடிலா, புள்ளி உண்டா இல்லையா என்று இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. வேகமாக எழுதும்போது இன்று நம் கை விட்டுவிடுவதும் அதே மூன்றைத்தான். உங்கள் கையெழுத்தைப் படிக்கிறவரை ஒரு சுவடிப் பதிப்பாசிரியரின் நிலையில் வைக்கிறீர்கள். இந்த மூன்றை மட்டும் சரி செய்தாலே, வேறு எதையும் தொடாமல், உங்கள் தமிழ் எழுத்து படிக்கக் கூடியதாகிவிடும் என்று தைரியமாகச் சொல்வேன்.

ஆங்கிலத்தில் கதை சுருக்கம். வாயை மூட வேண்டிய எழுத்தை மூடுங்கள், மேலே திறந்து விட்ட சின்ன 'ஏ' பார்ப்பவருக்கு 'யூ'வாகத்தான் தெரியும். 'என்' மேலே வளைவாகவும் 'யூ' கீழே வளைவாகவும் இருக்கட்டும், இரண்டையும் மரம் அறுக்கும் ரம்பத்தின் பல் மாதிரி எழுதுவதுதான் பெரிய குழப்பம். 'டி'க்குக் குறுக்குக்கோடு உடனே. எல்லா எழுத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இயல்பாகச் சேர்பவற்றைச் சேர்த்து, மற்றவற்றைப் பிரித்து எழுதும் கலப்பு முறைதான் பெரியவர்களுக்கு வேகத்துக்கும் தெளிவுக்கும் ஒத்துவருகிறது. முற்றிலும் புதிய பாணி ஒன்று வேண்டும் என்று ஆசை இருந்தால் இத்தாலிக் பாணியைப் பாருங்கள். ரோமில் லுடோவிகோ தெலி அர்ரிகி 1522ஐ ஒட்டி அச்சிட்ட கையேட்டிலிருந்து வளர்ந்தது அது, சாய்வும் சேர்ப்பும் எளிமையானவை, இன்றும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் தேர்வுக்கு முன் அந்த ஆசை வேண்டாம். புதுப் பாணி வேகத்துக்கு வர நீண்ட காலம் எடுக்கும்.

கை வலிக்கு வருகிறேன். அரை மணி நேரத்தில் வலிக்கிறது என்றால் முதல் சந்தேகம் அழுத்தத்தின் மேல். எழுதிய தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், புடைப்பு தெரிந்தால் நீங்கள் அழுத்துகிறீர்கள். இன்னொரு சோதனை: எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேனாவைப் பின்னாலிருந்து மெல்ல இழுக்கட்டும், அது நழுவி வர வேண்டும், வராமல் உங்கள் கையும் கூட வந்தால் பிடி இறுக்கம். விசைப்பலகையிலேயே இருந்தவர்கள் பேனாவை எடுத்ததும் இப்படி இறுக்கிப் பிடிப்பார்கள், எழுத்து ஓடிவிடுமோ என்ற பயத்தில் இன்னும் அமுக்குவார்கள்.

பிடியைப் பொறுத்தவரை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்து நடுவிரல் தாங்குவதுதான் பள்ளியில் சொல்லித் தந்தது. நான்கு விரலால் பிடிப்பது, கட்டைவிரலைக் குறுக்கே போட்டுப் பிடிப்பது போன்ற வேறு சில பிடிகளும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் இந்தப் பொதுவான பிடிகளுக்குள் வேகத்திலோ தெளிவிலோ சொல்லும்படியான வேறுபாடு கிடைக்கவில்லை. எனவே வலி இல்லாத பிடியை மாற்றாதீர்கள். முப்பது வருடப் பிடியை மாற்றுவது மாதக்கணக்கில் ஆகும் வேலை, பலன் கொஞ்சம். வலி இருந்தால் முதலில் பேனாவை மாற்றுங்கள், பிறகு பிடிக்கும் இடத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள் (நுனியிலிருந்து 2.5 முதல் 3 செ.மீ. தூரம் நல்லது), அதற்கும் தீராவிட்டால்தான் பிடியையே மாற்றுவது.

பேனா விஷயத்தில் விலை முக்கியமில்லை, மை முக்கியம். சாதாரண பால்பாயின்ட் பேனாவில் இருப்பது எண்ணெய் கலந்த கெட்டி மை, உருண்டை சுழன்றால்தான் மை இறங்கும், அது சுழல அழுத்தம் வேண்டும், பேனாவையும் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். ஜெல் பேனாவிலும் மைப் பேனாவிலும் இருப்பது நீரை அடிப்படையாகக் கொண்ட மை, தாளைத் தொட்டாலே எழுதும். அழுத்திப் பழகிய கைக்கு இந்த ஒரு மாற்றமே வலியைப் பாதியாக்கிவிடும். நுனி 0.5 அல்லது 0.7 மி.மீ. போதும். சிறிதாக எழுதுபவருக்கு 0.5தான் சரி, 0.7இல் தமிழின் சின்னச் சுழிகள் அடைத்துக்கொள்ளும். உடல் மெல்லிய பேனாவைத் தவிருங்கள், விரல் அதைச் சுற்றி இறுகும். தாளுக்கு அடியில் வெறும் மேசை இருக்கக் கூடாது, நாலைந்து தாள் மெத்தையாக இருக்கட்டும். அப்புறம் ஒன்று, தேர்வில் எந்தப் பேனாவோ அதிலேயே பயிற்சி செய்யுங்கள், அதே மாதிரி இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வலிக்கு இரண்டாவது காரணம், விரல் மட்டுமே வேலை செய்வது. விரல் எழுத்தை வரையட்டும், ஆனால் வரியில் முன்னேறுவது முன்கையின் வேலை. முன்கை மேசை மேல் படிந்து, முழங்கையைத் திருப்பு மையமாக வைத்து, கை வழுக்கிக்கொண்டே போக வேண்டும். பலர் மணிக்கட்டை ஓரிடத்தில் ஊன்றி, எட்டும் வரை விரலை நீட்டி எழுதி, எட்டாதபோது தூக்கி வேறிடத்தில் ஊன்றுவார்கள். வரி வளைந்து வில்லாவதும் ஒவ்வொரு சில சொல்லுக்கும் அளவு மாறுவதும் இதனால்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஆஸ்டின் பால்மர் பரப்பிய பயிற்சி முழுக்க இந்த முன்கை அசைவைப் பற்றியதே. அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றன்மேல் ஒன்றாக, சுருள்வில் போல, வட்டங்களைத் தொடர்ச்சியாகப் போட்டுக்கொண்டே வரியின் கடைசி வரை போவது. ஒரு வரி இடஞ்சுழி, ஒரு வரி வலஞ்சுழி. தமிழுக்கு இரண்டும் வேண்டும், நம் எழுத்துகளில் சுழி இரண்டு பக்கமும் திரும்புகிறது. எழுதத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் இதைச் செய்தால் கை தளர்ந்துவிடும், அதற்கு மேல் செய்து பயனில்லை.

தாளை நேராக வைக்காதீர்கள். வலது கைக்காரர் தாளின் மேல்பக்கத்தை இடப்பக்கம் சாய்த்து, ஏறக்குறைய முன்கைக்கு இணையாக வைக்க வேண்டும். இடது கைக்காரர் வலப்பக்கம், இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சாய்க்கலாம். அப்படிச் செய்தால் மணிக்கட்டை வளைத்து மேலிருந்து எழுத வேண்டிய தேவை குறையும், ஈர மையும் கையில் படாது. எழுத எழுதக் கை கீழே இறங்கக் கூடாது, மறு கையால் தாளை மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். தேர்வில் தைத்த விடைத்தாளிலும் இதைச் செய்யலாம்.

சரி, பயிற்சி எப்படி. தினமும் பதினைந்து இருபது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அல்ல. இது வெறும் அறிவுரை இல்லை. பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு சொல்லித் தந்தபோது ஆலன் பேட்லியும் லாங்மனும் செய்து 1978இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்திலேயே கற்றுக்கொண்டார்கள். கை வேலை எதற்கும் இது பொருந்தும், நடுவில் விடும் இடைவெளியில்தான் அது பதிகிறது.

வாரத்துக்கு இரண்டு எழுத்துகளை எடுங்கள், வட்டமிட்டவற்றிலிருந்து. தனி எழுத்தாக ஒரு வரி, அதில் நன்றாக வந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குறியுங்கள், அதுதான் இனி உங்கள் மாதிரி. அச்செழுத்தையோ அடுத்தவர் எழுத்தையோ மாதிரியாக வைப்பதைவிட உங்கள் கையில் வந்த நல்லதை வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல், அது வரும் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள், மூன்றாவது வரியிலேயே மனம் வெளியே போய்விடும், அதற்குப் பின் கை பழகுவது தப்பைத்தான். உடனே சொற்களுக்குப் போங்கள். ர என்றால் மரம், வரவு, பாரம், ஆராய்ச்சி, காரணம். காலும் ரகரமும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற சொற்களாகத் தேடுங்கள். பிறகு உங்கள் பாடத்தில் அடிக்கடி வரும் கலைச்சொற்கள். தேர்வில் அவற்றைத்தான் நூறு தடவை எழுதப் போகிறீர்கள்.

அடுத்து வருவதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அந்த எழுத்து எந்த வேகத்தில் உடைகிறது என்று கண்டுபிடியுங்கள். உடைந்ததும் ஒரு படி இறங்கி, உடையாத வேகத்தில் ஐந்து நிமிடம் எழுதுங்கள். மறுநாள் மீண்டும். உடைகிற இடம் மெல்ல மேலே நகரும். மெதுவாகவே மாதக்கணக்கில் எழுதினால் மெதுவாக எழுதத்தான் பழகுவீர்கள், வேகமான எழுத்து பழையபடியே இருக்கும்.

வேகத்தோடு இன்னொன்றும் சேர்கிறது, கவனம். பார்த்து எழுதும்போது முழுக் கவனமும் எழுத்தில் இருக்கும். காதால் கேட்டு எழுதும்போது பாதி போய்விடும். சொந்தமாக யோசித்து எழுதும்போது கவனமெல்லாம் விஷயத்தில், கை தன் பழக்கத்தில் போகும், தேர்வு என்பது இந்த மூன்றாவது. ஆகவே பயிற்சியும் இந்த மூன்று படிகளில் ஏற வேண்டும். முதல் வாரங்களில் பார்த்து எழுதுங்கள். பிறகு பாடத்தின் ஒரு பகுதியை நீங்களே செல்பேசியில் வாசித்துப் பதிவு செய்து, ஓடவிட்டு, கேட்டு எழுதுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பழைய வினாவுக்குப் பத்து நிமிடத்தில் விடை எழுதுங்கள். ஒவ்வொரு படி ஏறும்போதும் கையெழுத்து சட்டென்று மோசமாகும். அது பின்னடைவு இல்லை, கை இன்னும் உங்கள் கவனத்தை நம்பி எழுதுகிறது என்று காட்டுகிறது, அவ்வளவுதான். கீழ்ப் படிக்குத் திரும்பாமல் அங்கேயே வேகத்தைக் குறைத்துத் தொடருங்கள்.

பயிற்சி நேரத்துக்கு வெளியே எழுதும் எதிலும் அந்த வாரத்தின் இரண்டு எழுத்துகள் மட்டும் புதிய வடிவில் வரட்டும், மற்றவை எப்படிப் போனாலும் போகட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல்கிறவர்கள் ஒரு வாரத்தில் களைத்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, மெதுவாக எழுதும்போது மாற்றம் மூன்று நான்கு வாரத்தில் தெரியும், யோசித்து வேகமாக எழுதும்போதும் தானாக வருவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மாதம் ஒரு தடவை அதே பழைய பத்தியை அதே மூன்று வேகத்தில் எழுதி ஒப்பிடுங்கள். நேற்றையதோடு இன்றையதை ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது, மனம்தான் சோரும்.

டேப்லெட்டில் பழகலாமா என்றும் கேட்பார்கள். கண்ணாடி வழுக்கும், உராய்வு இல்லாததால் கை இன்னும் இறுகும். தாளில் எழுத வேண்டிய தேர்வுக்குத் தாளிலேயே பழகுங்கள். கையெழுத்தை வைத்துக் குணத்தைச் சொல்கிறோம், கையெழுத்தை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்று சொல்லும் வகுப்புகளுக்குப் போக வேண்டாம், ஒருவரின் குணத்தை எழுத்திலிருந்து கணிக்க முடியும் என்பதற்கு அறிவியல் சோதனைகள் ஆதரவு தரவில்லை. கையொப்பத்தை இந்தப் பயிற்சியில் சேர்க்காதீர்கள், வங்கியிலும் ஆவணங்களிலும் பதிவான கையொப்பம் அப்படியே இருக்கட்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நான் சொன்னதெல்லாம் பயன்படுத்தாமல் கெட்டுப்போன கையெழுத்துக்கு. நன்றாக எழுதிக்கொண்டிருந்தவருக்குக் காரணமில்லாமல் எழுத்து மாறினால் அது வேறு. எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போவது பார்க்கின்சன் நோயின் அறிகுறிகளில் ஒன்று. மற்ற வேலைகளில் ஒன்றும் இல்லாமல் பேனா பிடித்தால் மட்டும் விரல்கள் தானாக இழுத்துக்கொள்வது, முறுக்கிக்கொள்வது ஒரு நரம்பியல் கோளாறு, அதற்குப் பெயரே எழுத்தாளர் பிடிப்பு. நடுக்கம், விரல் மரத்துப்போவது, பேனாவை வைத்த பிறகும் தீராத வலி, இவை இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். இவற்றைப் பயிற்சியால் சரிசெய்ய முயல்வது நாளைக் கடத்துவதுதான்.

தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால், வடிவத்தை மறந்துவிடுங்கள். ஜெல் பேனா, சிறிய அளவு, சொற்களுக்கு நடுவே தெளிவான இடைவெளி, புள்ளி அதன் எழுத்தின் மேல், ரகரத்துக்கு அடிச் சாய்வு, இவ்வளவுதான். கைக்குத் தாங்கும் சக்தி வர வேண்டும் என்பதால் இருபது நிமிடத்தில் தொடங்கி வாரா வாரம் கூட்டி, கடைசி வாரத்துக்குள் ஒரு முறையாவது மூன்று மணி நேரம் முழுக்க உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், இடையே பேனாவை வைத்துக் கையை உதறிக்கொண்டு. தேர்வில் ஒவ்வொரு விடையின் முதல் இரண்டு வரியையும் வேண்டுமென்றே நிதானமாக எழுதுங்கள், அந்த நிதானம் அடுத்த சில வரிகளுக்கும் ஓடும், அது தேய்வதற்குள் அடுத்த பத்தி வந்துவிடும். பத்திகளுக்கு நடுவே ஒரு வரி விடுங்கள். தப்பாக எழுதியதை ஒரே ஒரு கோட்டால் அடியுங்கள், கிறுக்கி மூடாதீர்கள், சரியான சொல்லை அதன் மேல் நுழைக்காமல் பக்கத்திலேயே எழுதுங்கள்.